லெமன் கலர்

மார்ச் 3, திங்கள்

உரக்கடையில் கொடுத்த டைரி இரண்டு மாதமாக அரிசிப் பானை மேல் கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். அங்கன்வாடியில் நாள் முழுக்கப் பதினொரு பதிவேடு எழுதுகிறேன். பிள்ளைகளின் எடை, உயரம், முட்டை, சத்துமாவு எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று இருக்கிறது. என் வீட்டைப் பற்றி எழுத ஒன்று கிடையாது. இது இருக்கட்டும். பக்கத்துக்குப் பக்கம் அடியில் விவசாயிக்கு ஒரு யோசனை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய யோசனை வரப்பு எலியைப் பிடிப்பது பற்றி. எங்களுக்கு வரப்பு கிடையாது, எலி நிறைய உண்டு.

வீட்டில் இரண்டே பேர். நான் உலகம்மாள், வயது நாற்பத்திரண்டு. மகள் கல்யாணி பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி வேதியியல் படிக்கிறாள். அப்புறம் அவர். புருஷன் பெயரை எழுத இன்னும் கை கூசுகிறது. எங்கள் குலசாமிக்கும் அதே பெயர் என்பதால் கோயிலில்கூட 'சாஸ்தாவே' என்று சொல்லித்தான் கும்பிடுவேன். டைரி என்பதால் ஒரே ஒரு தடவை எழுதுகிறேன்: சொரிமுத்து. இனிமேல் 'அவர்'தான்.

அவருக்கு வி.கே.புரத்தில் தவசிக்கனி அண்ணாச்சியின் கலர் கம்பெனியில் வேலை. வெளியூர்க்காரர்கள் கேட்டால் பெயிண்ட் கம்பெனி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் கலர் என்றால் பாட்டிலில் அடைத்துக் குடிக்கிற கலர். விருந்தாளி வந்தால் வாங்கிக் கொடுப்போமே, அதுதான். சீனிப்பாகில் எசன்ஸும் சாயப்பொடியும் கலக்குவது அவர் வேலை. இருபத்து மூன்று வருடமாக அந்தக் கை எங்களுக்கு நாள்காட்டி மாதிரி. ரோஸ் போட்டால் சிவப்பு, திராட்சை போட்டால் ஊதா. வெயில் ஏறிவிட்டால் லெமன்தான் ஓடும். பங்குனி சித்திரை முழுக்க மஞ்சள்.

மார்ச் 9, ஞாயிறு

அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். பந்தியில் அவர் அப்பளத்தை நொறுக்கும்போது பிச்சம்மாள் மதினி அவர் கையைப் பார்த்துவிட்டாள். இவருடைய அக்காள். ஊருக்கே கேட்கிற தொண்டை.

"ஏட்டி உலகு! எந்தம்பிக்குக் காமாலைட்டீ! உள்ளங்கையப் பாரு, நகத்தப் பாரு! ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. பக்கத்து இலைக்காரர் தன் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். இவர், "லெமன் கலருக்கா, லெமன் கலரு" என்கிறார், யார் கேட்டார்கள். மதினி அழுதுவிட்டாள். அவள் அழுததற்குக் காரணம் இருக்கிறது. இவருக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது மாமனார் காமாலையில் போனார். கண் மஞ்சளான இருபத்திரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது. இவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. மதினிதான் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 12, புதன்

மூன்று நாளாகக் காலையில் வெறும் வயிற்றில் மோரில் அரைத்த கீழாநெல்லி. மதினியே கொண்டு வந்து, பக்கத்தில் நின்று, குடிக்கவைத்து, டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். இவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாயங்காலம் கல்யாணிக்குப் போன் போட்டேன். அவள் சிரித்தாள்.

"எம்மா, அது காமாலை இல்ல. தோலோட மேல்படி செத்த தோலுல்லா, நம்ம முடி, நகம் மாதிரி. அதெல்லாம் புரோட்டீன். பட்டுச்சேலையில சாயம் ஏறுத மாதிரி, கலர்ப்பொடி அதப் போய்ப் புடிச்சுக்கிடும். பாகுல புளிப்புக்கு சிட்ரிக் ஆசிட் போடுதாவல்லா, அது இருந்தா இன்னும் கெட்டியாப் புடிக்கும்."

"புளிப்பு ஆவாதா? நான் தெனம் எலுமிச்சம்பழத் தோலு வச்சுல்லா அப்பா கையத் தேய்க்கேன்."

"எத்தன வருசமாம்மா?"

"கல்யாணமானதுலேர்ந்து."

"அப்ப நீதாம்மா சாயத்த ஒறைய வச்சிருக்க."

நல்ல மகள். இனி எண்ணெயும் ஆப்பச்சோடாவும் வைத்துத் தேய்க்க வேண்டுமாம். அப்போதும் முழுசாகப் போகாது. பழைய தோல் உதிர்ந்து புதுத்தோல் வர இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை புதுச் சாயம் படக்கூடாது. "சந்தேகம்னா கண்ணப் பாரும்மா. கண்ணுல சாயம் ஏறாது" என்றாள்.

வாசலில் பகல் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அவரை நிற்கவைத்து, அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரி கீழிமையை இழுத்துப் பார்த்தேன். உரித்த முட்டை மாதிரி இருந்தது.

கை மஞ்சள். கண் வெள்ளை. பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். குழாயடியில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது மதினி வந்தாள். "வழி விடுங்க, டாக்டரம்மா வந்துட்டாவ. லெமன் கலருக்குக் கீழாநெல்லி குடுத்த ஒரே டாக்டரு" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி, "எனக்கு ரோஸ் கலருக்கு என்ன மருந்து டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

மதினி குடத்தை நிரப்பாமல் எடுத்துக்கொண்டாள். "இனிமே எந்தம்பி பச்சையாப் போனாலும் நான் வாயத் தெறக்க மாட்டேன். நீயாச்சு ஒம் புருசனாச்சு" என்றாள். அவள் தொண்டை அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

நாளைக்கு ஒரு கிண்ணம் சுசியம் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியாகிவிடும்.

மார்ச் 17, திங்கள்

சுசியம் திரும்பி வந்துவிட்டது. கிண்ணத்தைக் கழுவி அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் 21, வெள்ளி

ஆப்பச்சோடா வைத்தியம் நடக்கிறது. சாயங்காலம் இவர் முற்றத்தில் காலை நீட்டி உட்காருவார். நான் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக எடுத்துத் தேங்காயெண்ணெய் போட்டு, சோடாவைக் குழைத்துத் தேய்ப்பேன். நகக்கண்ணில் இருப்பது மட்டும் வருவதில்லை. அண்ணாச்சி கையுறை வாங்கித்தான் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டால் பாகின் பதம் விரலுக்குத் தெரியவில்லையாம், இவர் போடுவதில்லை.

"தாலி கட்டுத அன்னைக்கு ஞாபகம் இருக்கா உலகு? முந்துன நாள் ரோஸ் போட்டுட்டு வந்தேன். ஒங்க அம்மா, மாப்பிளைக்கு மருதாணி யாரு வச்சுவிட்டான்னு கேட்டாவ."

"நல்லாச் செவந்துருக்கு, பொண்டாட்டி மேல பிரியமா இருப்பாருன்னும் சொன்னாவ."

"பொய்யாப் போச்சா?"

நான் சோடாவைக் கூடக் கொஞ்சம் எடுத்து அழுத்தித் தேய்த்தேன்.

மார்ச் 27, வியாழன்

இரண்டு நாளாக உடம்பைச் சொறிந்துகொண்டே இருக்கிறார். கை, கால், முதுகு. பீர்க்கங்கூட்டை வைத்து முதுகைத் தேய்த்துவிடச் சொன்னார். சீனிப்பாகு மேலே தெறித்துக் காய்வதால் வருகிறதாம். இருபத்து மூன்று வருடமாகத் தெறிக்காத பாகா என்று கேட்டேன். பங்குனி வெயில் என்றார். வேப்பிலை போட்டுக் குளிக்கத் தண்ணீர் வைத்தேன்.

அங்கன்வாடியில் முட்டை 23. வந்த பிள்ளைகள் 21.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆமவடை சுட்டேன். எட்டு தின்கிற மனுஷன் ஒன்றைப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துவிட்டார். எண்ணெய் வாசனை பிடிக்கவில்லையாம். மேல்வயிற்றில் வலி வந்து போயிருக்கிறது. வாயு என்று கம்பெனி சோடாவையே இரண்டு பாட்டில் குடித்திருக்கிறார். "ஏன் சாப்பிட மாட்டேங்கிய, என் கைப்பக்குவம் அலுத்துப்போச்சா" என்று கேட்டேன். முட்டாள்கள் தின விளையாட்டு ஏதோ என்று இருந்துவிட்டேன். மிச்ச வடையை நான்தான் தின்றேன். வயிறு உப்பிசம்.

ஏப்ரல் 4, வெள்ளி

குளியலறையிலிருந்து வந்து, "உலகு, எனக்கு உள்ளயும் கலர் ஓடுது. ஒண்ணுக்குக் கட்டங்காப்பி மாதிரிக் கறுப்பாப் போகுது" என்று சிரிக்கிறார். தண்ணீர் குடிக்காவிட்டால் அப்படித்தான் போகும். பானையில் வெட்டிவேர் போட்டு வைத்தேன். தினமும் ஆறு செம்பு குடிக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அடுக்களையில் இருந்த குண்டு பல்பை மாற்றிவிட்டேன். அது எதைப் பார்த்தாலும் மஞ்சளாகக் காட்டியது. சோறுகூட மஞ்சளாகத் தெரிந்தது. வெள்ளை வெளிச்சம் தருகிற பல்பு வாங்கி, நானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன். அவர் சாப்பிட உட்கார்ந்தார். நிமிர்ந்து, "வெளிச்சம் நல்லாருக்கு" என்றார்.

இன்றைக்கு வேறு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி. பங்குனி உத்திரம்

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு வேன் பிடித்துக் காரையார் போனோம். குலசாமியைப் பார்க்க இன்றைக்கு வராமல் இருக்க முடியாது. பொங்கலிட்டோம். குரங்கு ஒன்று வந்து வெல்லக்கட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது.

இவர் திருவிழாக் கடையில் ஒரு கறுப்புக் கூலிங்கிளாஸ் வாங்கி மாட்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு வயதில். "என்ன, சினிமாவுல கூப்பிட்டிருக்காவளா?" என்று கேட்டேன். "வெயில் கூசுதுட்டீ" என்றார். வேனுக்குள், இருட்டிய பிறகும், கழற்றவில்லை. எல்லோரும் அவரைத்தான் கேலி செய்துகொண்டு வந்தார்கள். ஒரு சித்தி, "சொரிமுத்து கலர் கூடிட்டானே, என்னத்தப் பூசுத?" என்று கேட்டாள்.

பிச்சம்மாள் மதினி எதிர் சீட்டில் இருந்தாள். இவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். இன்னும் கோபம் போகவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

வெயில். டைரியின் அடியில் இன்றைய யோசனை: பயிர் மஞ்சளிப்பதைக் கண்டால் தாமதிக்காமல் கவனிக்கவும். மூடி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாட்டில் கழுவுகிற மிஷின் பழுது. பத்தாம் தேதியிலிருந்து கம்பெனியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இவர் சாயத்தைத் தொட்டுப் பத்து நாளாகிறது. நகக்கண்ணில் இருந்த மஞ்சள் போய்விட்டது. விரல் இடுக்கிலும் போய்விட்டது. உள்ளங்கையில் மட்டும் இருக்கிறது. உள்ளங்கைத் தோல் தடிமனானது, நாளாகும். கழுத்திலும் கொஞ்சம் இருக்கிறது. கழுத்தில் தெறித்திருக்கும்.

கல்யாணி போன் போட்டாள். அப்பா எப்படி இருக்காவ என்று கேட்டாள். நல்லா இருக்காவ என்றேன். அப்பாவிடம் போனைக் கொடு, முகத்தைப் பார்க்கிறேன் என்றாள். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

ஏப்ரல் 23, புதன்

இன்று அங்கன்வாடியில் தாய்மார் கூட்டம். எப்போதும் நர்சம்மாதான் பேசுவாள். இன்று அவளுக்கு வேறு ஊரில் முகாம். படத்தாளை என் கையில் கொடுத்துப் பேசச் சொல்லிவிட்டுப் போனாள். பச்சைப்பிள்ளைக்கு வருகிற மஞ்சள் காமாலையைப் பற்றி. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஐந்து பேர் மடியில் பிள்ளை.

நன்றாகத்தான் தொடங்கினேன். "பிள்ளையப் பகல் வெளிச்சத்துக்குத் தூக்கிட்டு வாங்க. பல்பு வெளிச்சத்துல பாக்காதிய, அதுல தெரியாது. கண்ணு வெள்ளையப் பாருங்க. சந்தேகம்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி. சில பேரு பயந்துக்கிட்டுப் பாக்காமலே இருப்பாவ. பாக்கலன்னா இல்லன்னு ஆயிருமா?"

அதற்கு மேல் வரவில்லை. ஒரு பெண், "டீச்சர், தண்ணி குடிங்க" என்றாள். படத்தாளை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பட்டப்பகல் பதினொன்றரை மணி.

அவர் உள்வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூலிங்கிளாஸ் போட்டிருந்தார்.

"வாசலுக்கு வாங்க."

"என்னட்டீ, அதுக்குள்ள வந்துட்ட?"

"வெளிச்சத்துக்கு வாங்க."

"வேண்டாம் உலகு."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கண்ணாடியைக் கழற்றினேன். கீழிமையை இழுக்க வேண்டிய தேவையே இல்லை. மஞ்சளும் இல்லை, லெமனும் இல்லை. மாம்பழச் சாறு மாதிரி இருந்தது.

"எங்கய்யா கண்ணு இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"கண்ணாடி வாங்குனதுக்கு ரெண்டு நாள் முன்ன பாத்தேன், ஷேவ் பண்ணும்போது. நீ எப்ப பாத்த?"

"பல்பு மாத்துன அன்னைக்கு."

அவர் தலையை ஆட்டினார். ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பண்டத்தை ஒளித்து வைத்திருக்கிறோம். நான் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மேலே எழுதியிருக்கும் கழுத்து, உள்ளங்கை எல்லாம் பொய். எனக்குத் தெரியும். இந்தக் கையால்தான் எழுதினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

திருநெல்வேலி. பெரிய ஆஸ்பத்திரி. ராத்திரி போனில் சொல்லியிருந்ததால் கல்யாணி எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் சின்னப் பெண். கண்ணைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். "எத்தனை நாளா மஞ்சளா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

இவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, "இருபத்து மூணு வருசமா" என்றார்.

டாக்டருக்கு விளங்கவில்லை. கல்யாணி விளக்கினாள். டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டாள். "சரி, அதனாலதான் யாருக்கும் தெரியலையா. ஆனா எனக்குத் தேதி வேணும். அரிப்பு எப்ப வந்தது, வலி எப்ப, யூரின் எப்ப கலர் மாறிச்சு. எது முதல்ல, எது பின்னால. அத வச்சுத்தான் இது கல்லா, கட்டியான்னு நான் யோசிக்க முடியும்."

கட்டி என்ற சொல் அந்த அறையிலேயே நின்றது. இவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. "போன மாசம் இருக்கும்" என்கிறார்.

நான் பைக்குள் கையை விட்டு இந்த டைரியை எடுத்தேன். ஏன் கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை, துணிமணியோடு வந்துவிட்டது. டாக்டர் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மார்ச் பன்னிரண்டு, கண் வெள்ளை. மார்ச் இருபத்தேழு, அரிப்பு. ஏப்ரல் ஒன்று, வடை, மேல்வயிற்றில் வந்துபோன வலி. ஏப்ரல் நான்கு, கட்டங்காப்பி. ஒவ்வொன்றுக்கும் கீழே நான் அடித்திருந்த கேலியையும் சேர்த்து வாசித்துவிட்டேன், நிறுத்தத் தெரியவில்லை. வெட்டிவேர் போட்டேன். பீர்க்கங்கூட்டால் தேய்த்தேன். மிச்ச வடையை நான் தின்றேன். எட்டாம் தேதி பல்பு வரும்போது விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டேன். கல்யாணி என் கையிலிருந்து டைரியை வாங்கி மிச்சத்தை வாசித்தாள். 'சிக்னல் இருந்தது' என்ற இடத்தையும் வாசித்தாள்.

டாக்டர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். "இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்லம்மா" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விரலில் மெஷினை மாட்டும்போது நர்ஸ் இவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எது சாயம், எது சீக்குன்னே தெரியலையே" என்றாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஸ்கேன். பித்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது. கல் மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால்தான் உறுதி என்கிறார்கள். நாளைக்கு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். கலர்ப்பொடியால் வந்ததா என்று கேட்டேன். "இல்லம்மா, கலர் பாவம் ஒண்ணும் செய்யல. மறைச்சுத்தான் வச்சிருந்தது" என்றாள் டாக்டர்.

கலர் மட்டுமா மறைத்தது.

ஏப்ரல் 26, சனி

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் நோயாளியின் பெயர் என்ற இடத்தில் நானே எழுதினேன். கை கூசவில்லை.

நடைபாதையில் நாற்காலி. கல்யாணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் மடியில் கையை வைத்தாள். நான் கும்பிட ஆரம்பித்தேன். 'சாஸ்தாவே' என்றேன். அது யாரையோ தூரத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் என்னை அறியாமல், "சொரிமுத்து, சொரிமுத்து" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சாமியைக் கூப்பிட்டேனா இவரைக் கூப்பிட்டேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு பேரில் யாருக்குக் கேட்டாலும் சரி.

அந்த நேரத்தில்தான் பிச்சம்மாள் மதினி வந்தாள். பஸ் பிடித்து, வார்டு வார்டாகக் கேட்டு வந்திருக்கிறாள். என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"வேன்லயே பாத்தேன்ட்டீ. கண்ணாடிக்குச் சைடுல தெரிஞ்சுச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. மறுபடியும் டாக்டரம்மான்னு சொல்லிச் சிரிப்பியேன்னு..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்கய்யாவுக்கும் நாந்தான் மொதல்ல பாத்தேன். அப்பவும் பொட்டப்புள்ள, சும்மா கெடன்னுட்டாவ."

எனக்கு அது தெரியாது. இருபத்து மூன்று வருடமாக அவளுடன் பழகுகிறேன், அது எனக்குத் தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே என்ன தெரிஞ்சாலும் கத்துங்க மதினி. கல்யாண வீட்டுல கத்துங்க, நடுத்தெருவுல கத்துங்க. நான் சிரிச்சா என்னை அறைஞ்சிருங்க" என்றேன்.

"அறையத்தான் வந்தேன்" என்றாள்.

பத்தேகால் மணிக்குக் கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு வந்தாள். "கல்லுதான். கட்டி இல்ல. எடுத்தாச்சு." ஒரு புளியங்கொட்டை அளவு இருந்ததாம். மதினி அந்த ஆஸ்பத்திரியே அதிர ஒரு குலவை போட்டாள். செக்யூரிட்டி ஓடி வந்தான்.

மே 9, வெள்ளி

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. பித்தப்பையை எடுக்க அடுத்த மாதம் கடைசியில் இன்னொரு தடவை போக வேண்டும், அது பெரிய விஷயமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். கண் மஞ்சள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. காலையில் நான் பார்க்கிறேன். மத்தியானம் மதினி வந்து பார்க்கிறாள். சாயங்காலம் கல்யாணிக்குப் போனில் முகத்தைக் காட்ட வேண்டும். "எனக்குக் கண்ணு வலிக்கு, ஆளாளுக்கு இமையப் புடிச்சு இழுக்கிய" என்கிறார்.

கையில் சாயம் சுத்தமாகப் போய்விட்டது. இன்றைக்குச் சோறு போடும்போது பார்த்தேன். வெளுத்துச் சுருங்கி, ரேகை எல்லாம் தெரிகிற ஒரு கை. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கையை நான் பார்த்ததில்லை. யாருடைய கையோ மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மே 18, ஞாயிறு

கண் வெள்ளை.

கூலிங்கிளாஸை மதினி பேரனுக்குக் கொடுத்துவிட்டேன். அடுக்களையில் பழைய குண்டு பல்பை மாட்டலாமா என்று கேட்டார். "தொட்டுப் பாருங்க" என்றேன்.

ஜூன் 2, திங்கள்

கம்பெனிக்குப் போனார். பாரம் தூக்கக் கூடாது, கலக்குகிற வேலை மட்டும் என்று நானே அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணாச்சி புது உறை நான்கு ஜோடி வாங்கி வைத்திருந்தார். "இனி போடாட்டி உள்ள விடமாட்டேன்மா" என்றார்.

சாயங்காலம் இவர் வரும்போது மதினியும் நானும் வாசலில் நின்றோம்.

"ஏட்டி, நான் பாக்கேன், தள்ளு."

"நான்தான் மதினி மொதல்ல."

இரண்டு பேரும் ஆளுக்கொரு கண்ணைப் பார்த்தோம். அப்புறம்தான் கையைக் காட்டச் சொன்னேன். உறை இருந்தும் பத்து விரலும் மஞ்சள். "பதம் பாக்க ஒரு தடவ கழட்டுனேன்" என்றார். மதினி தலையில் அடித்துக்கொண்டாள். நான் எண்ணெயையும் ஆப்பச்சோடாவையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

கை மஞ்சள். கண் வெள்ளை.

ஜூன் 4, புதன்

கை ஆரஞ்சு. கண் வெள்ளை. ஆமவடை ஒன்று தின்றார். இரண்டாவதை நான் பிடுங்கிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

இன்று கம்பெனியில் ரோஸ். சொரிமுத்து கையைச் சரியாகக் கழுவாமலே வந்திருக்கிறார். வாசலில் நிற்கவைத்து இமையை இழுத்துப் பார்த்தேன். கண் வெள்ளை என்று சொன்னதும், தெருவென்றும் பார்க்காமல் என் கன்னத்தைப் பிடித்துவிட்டார்.

இப்போது கண்ணாடியில் பார்த்தேன். இடது கன்னத்தில் நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருக்கிறது. சாயம் போக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று கல்யாணி சொல்லியிருக்கிறாள். ஆப்பச்சோடா பக்கத்தில்தான் இருக்கிறது. தேய்க்கப் போவதில்லை.